உள்ளூர்க்காரி உறுதி

குணசுந்தரிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். பொழுது புலரும்போது கிளம்பும் ரயிலில் பெங்களூருக்குப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பும் கோலார் தங்கவயல்காரர்களில் அவளும் ஒருத்தி. உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல மேப் ஒட்டறேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அந்த வேலை ஒரு நாள் கூடப்பிறந்தவளின் உயிர்மேல் வந்து நிற்கும் என்று அந்தப் பாவிப்பெண் நினைத்தே பார்த்ததில்லை.

எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. அது வெளிச்சத்தை நம்பிப் பார்ப்பதில்லை. ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதைப் பிடித்துப் படமாக்குகிறது. அதற்கு இருட்டும் மேகமும் ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் வந்து, அதே மண்ணைப் பார்க்கும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் தரை இரண்டு விரல் அகலம் இறங்கியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். படங்கள் நீள நீளமான பட்டைகளாக வரும். அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி, நிறம் சமன் செய்து, தென்னிந்தியா முழுவதையும் ஒரே படமாக்குவது அவள் வேலை பார்க்கும் பெங்களூர்க் கம்பெனியின் மென்பொருள். மனிதக் கை படாமல் தானாகவே செய்யும். இரண்டு பட்டைகள் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கட்டம் போட்டு நிறுத்திவிட்டுக் கேட்கும்: இது உண்மையா, பிழையா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் குணசுந்தரியின் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு கட்டம். பதினொரு வருஷ அனுபவம். அவள் பிழை என்று சொன்னால் பிழைதான். மறுபேச்சு கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கட்டம் அவள் பிறந்த ஊரின்மேல் வந்து விழுந்தது. இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் தங்கவயலாக இருந்தது. தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்குப் பின்புறம், பழைய ஷாஃப்ட் ஒன்றின், அதாவது சுரங்கக் கிணற்றின், அருகில் ஒரு கறுப்புத் திட்டு. அவள் அந்தத் திட்டைப் பார்க்கவில்லை. அதற்கு எதிர்முனையில் கோடு போட்டதுபோல் நின்ற, சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளைத்தான் பார்த்தாள். அதில் நாலாவது வீடு. அவள் பிறந்த வீடு. அம்மா செத்த வீடு. அக்கா ராதிகா இன்னும் குடியிருக்கும் வீடு.

பார்த்த மாத்திரத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் அம்மா இறந்துபோனாள். காலை பதினொரு மணிக்கு உயிர் பிரிந்தது. குணசுந்தரி அப்போது போன் கொண்டுபோகக் கூடாத கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். நாற்பத்திரண்டு தடவை போன் அடித்திருந்தாள் ராதிகா. அழுது அரற்றிக்கொண்டு குணசுந்தரி வந்து சேர்ந்தபோது லைன் வாசலில் பந்தல் மட்டும்தான் மிச்சம். மழை வரும் என்று சொல்லி ஆண்கள் தூக்கிவிட்டார்கள்.

"நான் வர்றதுக்குள்ள மூஞ்ச மூடிட்டியே, பாவி!" என்று அக்காவின் மார்பில் குத்தினாள் குணசுந்தரி.

"நாலு மணி வரைக்கும் வெச்சுகினு இருந்தேன்டி. உனக்குச் சம்பளம் பெருசா, பெத்தவ பெருசா? போ, அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிகினு அழு. இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள் ராதிகா.

மிதிக்கவில்லை. ஒரே ஊரில், ஒன்றரை மைல் தூரத்தில், ஐந்து வருஷம் அக்காவும் தங்கையும் முகம் பார்க்கவில்லை.

ஆகவேதான் அன்று அந்தக் கட்டத்தில் குணசுந்தரி 'பிழை' என்று அழுத்தினாள். அதோடு விட்டாளா? பன்னிரண்டு நாள் கழித்து அந்த வீடு மறுபடி கண்முன்னால் வரும், அதற்குப் பிறகு மறுபடியும் வரும் என்ற நினைப்பே தாங்கவில்லை. மேட்டையும் லைனையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டாள். இந்த வட்டத்துக்குள் எதுவும் கேட்காதே என்று கட்டளை கொடுத்தாள். காரணம் எழுதும் பெட்டியில் எழுதினாள்: "சயனைடு மேடு. மழைக்குச் சரியும். உள்ளூர்க்காரி உறுதி."

தங்கவயலைப் பற்றித் தங்கவயல்காரி சொல்லிவிட்டாள். வேறு யார் கேட்பார்கள்?

இயந்திரத்துக்கு மறதி கிடையாது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், வட்டத்துக்குள் வந்த நிஜப் படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சுற்றியிருந்த மண்ணின் சாயலை எடுத்து அங்கே பூசியது. படத்தில் அந்த இடம் வழவழவென்று அழகாக இருந்தது. அங்கே வீடும் இல்லை, அக்காவும் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பவ்யா கூப்பிட்டாள். கோலார்ப் பெண். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். புதிய மென்பொருளுக்காகக் கையால் போட்ட வட்டங்களையெல்லாம் அழித்து, பழைய படங்களை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேலை அவளுடையது.

"அக்கா, இல்லி நோடி. இங்க பாருங்க. உங்க ஊர்ல இதென்ன, எறும்பு போற மாதிரி?"

குணசுந்தரி எழுந்து போய்ப் பார்த்தாள்.

மூன்று வருஷம். தொண்ணூற்றொரு படங்கள். பவ்யா அவற்றை வரிசையாக ஓட்டினாள். முதல் படத்தில் ஷாஃப்ட் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தரை இறங்கிய இடம். அடுத்த படத்தில் அதை ஒட்டி முன்னால் இன்னொன்று. அடுத்ததில் இன்னொன்று. பன்னிரண்டு நாளுக்கு ஒரு புள்ளி. இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி. மழைக்காலத்தில் வேகமாகவும் இல்லை, கோடையில் மெதுவாகவும் இல்லை. மண் இப்படிச் சரியாது. மண்ணுக்குக் கணக்குத் தெரியாது.

"யாரோ கீழே நடந்து போற மாதிரி இல்லே?" என்று சிரித்தாள் பவ்யா. குணசுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கடைசிப் புள்ளி, பத்து நாளைக்கு முன் சனிக்கிழமை எடுத்த படத்தில் இருந்தது. லைனின் பின்புறம், நாலாவது வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி. அடுத்த அடி அந்த வீட்டுச் சமையலறை. அடுத்த படம் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு.

அதற்குள் அந்த அடி விழுந்தாக வேண்டும்.

குணசுந்தரி உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். போகவில்லை. ஐந்து வருஷமாக அவள் நம்பரை ராதிகா தடுத்து வைத்திருந்தாள். மேலதிகாரியிடம் படத்தைக் காட்டி, சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் சொல்லச் சொல்லிவிட்டு, மத்தியான ரயிலைப் பிடித்தாள். ரயிலில் இருந்தபடியே மரியகுழந்தைக்குப் போன் செய்தாள். அவர் சுரங்கத்தின் பிளான் ஆபீசில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவர். பூமிக்கு அடியில் இருக்கிற சந்துபொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அங்கிள், அந்த ஷாஃப்டுலேருந்து எங்க லைனுக்கு அடியில எந்த லெவல் சுரங்கம் போவுது?"

"எதுவும் போவல."

"நல்லா நெனச்சுச் சொல்லுங்க."

"இன்னாம்மா, எனக்குச் சக்கரதான் கீது, மறதி இல்ல. அந்தப் பக்கம் பூரா தங்கமே கெடையாது. கம்பெனிக்காரன் அங்க ஊசி குத்தினது கூட இல்ல. ஏன் கேக்கற?"

அவள் சொன்னாள். பிறகு அவர், "சர்ச் ஹால் சாவி எங்கிட்டதான் கீது. தொறந்து வைக்கறேன். ஆளுங்கள கூட்டிகினு வா" என்று மட்டும் சொன்னார்.

லைனுக்குள் நுழையும்போது மணி நாலரை. ஆறு வீடுகளில்தான் ஆள் இருந்தது. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த முதல் வீட்டுப் பார்வதம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"அடேயப்பா! பெங்களூரு மகாராணி வழி தவறி வந்துட்டாங்களா?"

"பார்வதக்கா, அக்கா இருக்குதா?"

"எங்க போவா? மிஷினக் கட்டிகினு அழுவுறா. இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?"

"வீட்ல எதுனா வித்தியாசமா இருக்குதா உங்களுக்கு?"

பார்வதம்மா யோசித்தாள். "சுவரு வெடிச்சி கீது. அது எப்பவும் வெடிக்கறதுதான். பூனைங்க எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சுங்க. அப்பால, தரை சூடா கீது. ராவுல படுத்தா முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுக்கற மாதிரி நல்லாத்தான் கீது, போ!"

குணசுந்தரி ஓடினாள்.

நாலாவது வீட்டுக் கதவு திறந்திருந்தது. ராதிகா தையல் மிஷினில் குனிந்திருந்தாள். நாற்பத்தாறு வயதுக்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. புருஷன் போனபிறகு பிளவுஸ் தைத்துத்தான் பிழைப்பு. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். மிஷின் ஓடியது.

"அக்கா."

மிஷின் ஓடியது.

"அக்கா, இந்த வீட்ட விட்டு இப்பவே வெளிய வா. அடியில பூமி எறங்குது."

"அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சொல்ற சேதியப் பாரு" என்றாள் ராதிகா, தையலிலிருந்து கண்ணெடுக்காமல். "வீட்டக் காலி பண்ணுன்றியா? யாருக்கு வாடகைக்கு விடப் போற?"

அவள் மடியிலிருந்து நூல்கண்டு ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. உருண்டது. யாரோ இழுப்பதுபோல் நேராக உருண்டு, வாசற்படி இல்லாத சமையலறைக்குள் நுழைந்து, இருட்டான மூலையில் போய் முட்டி நின்றது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கண்டுகள் கிடந்தன. மிஷினின் முன்கால்களுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"இது இன்னாக்கா?"

"மிஷின் காலையில ஒரு எடத்துல இருந்தா, சாயந்திரம் ஒரு சாண் உள்ள போயிடுது. செங்கல் வெச்சேன். இப்ப செங்கல்லும் போவுது."

சொல்லி வாய் மூடவில்லை, கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. கனமான எதையோ ஒரு தடவை இறக்கி வைத்த மாதிரி. ஜன்னல் கம்பி கிர்ரென்றது. அலமாரியில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. ராதிகா சலனமில்லாமல் கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் தரையில் மூன்று முறை தட்டினாள்.

அந்த லைனில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் கூண்டான கேஜில் மூன்று மணி அடித்தால், ஆள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுரங்கம் மூடிய பிறகும் தரை அதிர்ந்தால், 'ஷிஃப்ட் மாறுது' என்று சொல்லி, மேலே ஆள் இருக்கிறோம் என்று மூன்று தட்டுத் தட்டுவார்கள். பயம் போவதற்காகத் தட்டுவது. அடிக்கு அடி நெருங்கி வந்த ஒன்றுக்கு, இவர்கள் மூன்று வருஷமாக விலாசம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"தட்டாதக்கா!" என்று அலறினாள்.

"ஏன், உங்க கம்ப்யூட்டருக்கு வலிக்குதா?"

குணசுந்தரி போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். புள்ளிகளைக் காட்டினாள். வானத்திலிருந்து பார்ப்பது, பட்டைகளை ஒட்டுவது, எல்லாம் சொன்னாள். ராதிகா படத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா செத்தப்பவும் இந்த வீட்ட விட்டுப் போவல. அம்மா கட்டில் சமையக்கட்டுல கீது. நீ காட்டற கறுப்புப் பொட்டுக்கெல்லாம் பயந்து நான் ஏன் போவணும்? மூணு வருஷமா பொட்டு வருதுன்ற. இத்தினி நாளா ஒருத்தனும் சொல்லல. உங்க ஆபீசு இன்னா புடுங்கிகினு இருந்துச்சு?"

குணசுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தரை சுட்டது.

"ஆபீசு இல்லக்கா. நான்தான்."

"இன்னா நீதான்?"

"மூணு வருஷத்துக்கு முன்னாலயே மிஷின் என்னக் கேட்டுச்சு. இங்க எதோ சரியில்ல, பாருன்னு. நான் பாக்கல. உன் கூரையப் பாத்தேன். அம்மா ஞாபகம் வந்துச்சு, ஆத்திரமா வந்துச்சு. இந்த வீடு இனிமே என் கண்ணுல படவே கூடாதுன்னு, சுத்தி வட்டம் போட்டு மூடச் சொல்லிட்டேன். பொய்யா ஒரு காரணம் எழுதினேன். அதுக்கப்புறம் தொண்ணூறு தடவ அது இங்க வந்து பாத்திருக்குது. தொண்ணூறு தடவயும் நான்தான்கா மறைச்சேன்."

தையல் மிஷின் நின்றது.

"எல்லாரும் தூங்கற வீடுடி இது" என்றாள் ராதிகா மெதுவாக. "பார்வதம்மா பேத்தி ஆறு மாசக் குழந்தை."

அடுத்த நொடி பளாரென்று அறை விழுந்தது. குணசுந்தரியின் காது ரீங்கரித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொரு அறையை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. கண் திறந்தபோது அக்கா வாசலில் நின்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

"பார்வதக்கா! எல்லாரும் வெளிய வாங்க! குழந்தைய மொதல்ல தூக்குங்க! சாமான அப்பால பாத்துக்கலாம், வாங்க!"

"இன்னாடி ஆச்சு? அவ சொன்னத நம்பறியா?" என்று கேட்டாள் பார்வதம்மா.

"பொய் சொல்றவ, தன் தலையிலயே பழியப் போட்டுகினு பொய் சொல்ல மாட்டா" என்றாள் ராதிகா. "கெளம்புங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு குடும்பமும் சர்ச் ஹாலுக்குப் போய்விட்டது. மிஷினை நாலு பேர் தூக்கினார்கள். அம்மாவின் கட்டில் மட்டும் சமையலறைக் கதவு வழியே வரவில்லை. கதவுநிலை கோணிப் போயிருந்தது. மறுநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்து பார்த்து, லைனைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

வியாழக்கிழமை மாலை கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே கூடி நின்றது. ஆறு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது நாலாவது வீட்டுச் சமையலறை உள்ளே போயிற்று. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நீளமாக ஒரு மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. கூரை ஓர் ஓரமாக மடிந்தது. சுவர் நின்ற நிலையிலேயே இறங்கியது. புழுதிக்குப் பதிலாக, வெதுவெதுப்பான காற்று ஒன்று வெளியே வந்து எல்லோர் முகத்திலும் பட்டது. நனைந்த பாறையின் வாசனை. கூட்டத்தில் நின்ற பழைய தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த வாசனை. கம்பெனிக்காரன் ஊசிகூடக் குத்தாத இடத்திலிருந்து வருகிறது.

ராதிகா அழவில்லை. "அம்மா கட்டில்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் தங்கையின் போர்ஷனில் இருக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. சமைக்கிறாள், தைக்கிறாள். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில். குணசுந்தரி ரயிலுக்குக் கிளம்பும்போது அக்காவின் தலை குனிந்தே இருக்கும். ஒரே ஒரு நாள் காலையில், சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது பேசினாள்.

"அந்தப் படம் மறுபடி எப்ப வரும்?"

"அடுத்த செவ்வாய் சாயந்திரம் எடுக்கும். புதன்கிழமை எங்க கைக்கு வரும்."

"வந்தா எனக்குச் சொல்லு. நல்லதோ கெட்டதோ, மொதல்ல எனக்குச் சொல்லு. எது உண்மை, எது பிழைன்னு இனிமே நீ ஒருத்தியா முடிவு பண்ணாத."

குணசுந்தரி தலையாட்டினாள். ஐந்து வருஷத்தில் அக்கா அவளிடம் கேட்ட முதல் காரியம் அது.

புதன்கிழமை பத்து மணிக்குப் படம் வந்தது. தங்கவயலின்மேல் இப்போது வட்டம் இல்லை. சிவப்புக் கட்டம் தானாக வந்து நின்றது. நாலாவது வீடு இருந்த இடத்தில் ஒரு பெரிய கறுப்பு. அதைத் தாண்டி, இருபது மீட்டர் தள்ளி, ஒரு சின்னப் புள்ளி. புதிய புள்ளி.

பவ்யா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். குணசுந்தரி போனை எடுத்தாள்.

"அக்கா. நிக்கல."

தையல் மிஷின் சத்தம் நின்றது. "எந்தப் பக்கம் போவுது?"

"கிழக்கே திரும்பிடுச்சு. அந்தச் சின்னப் பசங்க ஸ்கூல் பக்கம்."

"எவ்ளோ தூரம்?"

குணசுந்தரி திரையில் விரல் வைத்து அளந்தாள். "நாலு அடி. அது வைக்கிற அடி. நாப்பத்தெட்டு நாள்."

"ஆபீசுல சொல்லிட்டியா?"

"இல்லக்கா. நீ சொன்ன மாதிரி, மொதல்ல உனக்குத்தான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று குணசுந்தரிக்குப் புரியவில்லை.

"சரி குணா. நீ அங்க எல்லாருக்கும் சொல்லு. நான் ஸ்கூலுக்குப் போறேன். டீனா டீச்சர்தான் அங்க பெரிய டீச்சர். நம்ப மாட்டாங்க. நம்பற வரைக்கும் வாசல்லயே உக்காந்துக்கறேன்."

போன் துண்டிக்கும் முன், அவசரமாகச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.